மரங்கொத்தியும் பட்ட மரமும்

தமிழ் இலக்கணம் பயிலும் மாணவர் எவரும் மரங்கொத்தி என்னும் பெயரைக் கேளாதிருக்க இயலாது. காரணப் பெயரைப் பொது, சிறப்பு என இரண்டாகப் பகுத்து விளக்கும் பாடநூல்கள், பறவை என்பதனைக் காரணப் பொதுப் பெயர்க்கும், மரங்கொத்தி என்பதனைக் காரணச் சிறப்புப் பெயர்க்கும் எடுத்துக்காட்டாகத் தருகின்றன. பறப்பன எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்குவது பறவை. மரத்தைக் கொத்துவன வேறு சில இருப்பினும், ஓர் இனத்துக்கே சிறப்பாக உரியதாகி நின்றது மரங்கொத்தி. இவ்வாறு ஏட்டில் நமக்கு நன்கு பழகிய இப்பறவையை, நாட்டில் நின்று நோக்கியவர் நம்முள் மிகச் சிலரே. அதன் வாழ்வு எத்தகையது, அதன் இன்றைய நிலை யாது, அந்நிலைக்கும் நம் ஊர் மரங்களுக்கும் உள்ள தொடர்பு என்ன என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் மயக்கம்

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கிக் கொள்ளுதல் நலம். தலையில் கொண்டையுடைய கொண்டலாத்தியைக் கண்டு அதனையே மரங்கொத்தி எனக் கூறுவோர் நம்மிடையே பலர். திருக்குர்ஆனின் அந்நம்ல் அத்தியாயத்தில், நபி சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் ஹுத்ஹுத் பறவையையும் மரங்கொத்தி என்றே சொல்லக் கேட்கிறோம். ஹுத்ஹுத் என்பது கொண்டலாத்தியே. அது மெலிந்து வளைந்த நீண்ட அலகால் தரையைக் கிளறிப் புழுக்களைத் தேடுவது. மரத்தைக் குடையும் வன்மை அதன் அலகுக்கு இல்லை. மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் கூடு வைக்குமேயன்றித் தானே பொந்து குடைவதில்லை. மரங்கொத்தியோ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் அக்குடும்பத்தில் ஏறத்தாழ 240 இனங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 30க்கு மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன.

நம் பகுதியின் மரங்கொத்தி

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கீழ்பென்னாத்தூர், நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் ஊர். ஏரிகளும், பாறைக் குன்றுகளும், அவற்றைச் சூழ்ந்த முட்புதர்க் காடுகளும், வரப்போரப் பனைகளும் இப்பகுதியின் இயற்கை. ஈரமிக்க மலைக்காடுகள் இங்கில்லை. ஆயினும் இத்தகைய உலர்ந்த நிலத்திலும் தோப்புகளிலும் வாழப் பழகிய மரங்கொத்தி ஒன்று உண்டு. அதுவே பொன்முதுகு மரங்கொத்தி. 1758 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வங்காளத்தின் பெயரால் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். எனினும் இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும்பகுதியில் இது பரவியுள்ளது.

மைனாவைவிடச் சற்றுப் பெரிய இப்பறவை 26 முதல் 29 சென்டிமீட்டர் வரை நீளமுடையது. முதுகு பொன்மஞ்சள், வாலடியும் வாலும் கறுப்பு, தொண்டை வெண்கோடுகள் கலந்த கறுப்பு. ஆணின் உச்சி முழுவதும் செந்நிறம். பெண்ணின் முன்னுச்சி வெண்புள்ளியிட்ட கறுப்பாகவும், பின்கொண்டை மட்டும் சிவப்பாகவும் இருக்கும். உரத்த குரலில் குதிரை கனைப்பது போன்று ஒலியெழுப்பியவாறு, மேலும் கீழுமாக அலையலையாய்ப் பறந்து செல்லும். எறும்புகளே இதன் முதன்மை உணவு. மரத்தினுள் வாழும் வண்டுப் புழுக்கள், கனிந்த பழங்கள், மலர்த்தேன் ஆகியவற்றையும் உண்ணும்.

உடலமைப்பின் திறம்

நிமிர்ந்து நிற்கும் மரத்தண்டில் தொற்றி வாழ்தற்கு ஏற்ற உறுப்புகள் மரங்கொத்திக்கு வாய்த்துள்ளன. பெரும்பாலான பறவைகட்கு முன்னே மூன்றும் பின்னே ஒன்றுமாக விரல்கள் அமைந்திருக்க, மரங்கொத்திக்கு முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக அமைந்துள்ளன. விறைத்த வாலிறகுகளை மரத்தில் ஊன்றி, இரு கால்களும் வாலுமாகிய மூன்று முனைகளில் உடலைத் தாங்கிக் கொள்கிறது. அதன் நாக்கு அலகைக் கடந்து நெடுந்தொலைவு நீளவல்லது. நாக்கைத் தாங்கும் எலும்பு தலையோட்டின் பின்புறமாகச் சுற்றி நெற்றி வரை வருகிறது. பசையும் நுண்முட்களும் கொண்ட அந்நாக்கு, துளையின் ஆழத்தில் ஒளிந்திருக்கும் புழுவையும் எறும்பையும் வெளியே இழுத்து வந்துவிடுகிறது.

இத்துணை வேகமாகக் கொத்தியும் மூளை கலங்காதது எவ்வாறு என்னும் வினா நெடுங்காலம் அறிஞரை ஈர்த்தது. தலையோடு பஞ்சுபோல் அதிர்ச்சியை வாங்கிக் கொள்கிறது எனப் பல நூல்கள் எழுதின. பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக அறிஞர் குழுவினர் மூன்று மரங்கொத்தி இனங்களை அதிவேகப் படக்கருவியால் ஆராய்ந்து, 2022 ஆம் ஆண்டில் இக்கருத்தை மறுத்தனர். தலை அதிர்ச்சியை வாங்கும் மெத்தையாக இயங்குவதில்லை. விறைப்பான சுத்தியல் போன்றே இயங்குகிறது. அதிர்ச்சியை வாங்குமாயின் கொத்தும் வலிமை வீணாகிவிடும். மூளை மிகச் சிறிதாக இருப்பதனாலேயே அந்த அதிர்வு அதற்குத் தீங்கு செய்வதில்லை என்பது அவர்தம் முடிபு.

இதே வாழ்க்கை முறையை வேறொரு கண்டத்தில் வேறொரு பறவைக் கூட்டமும் மேற்கொண்டுள்ளது. நடு அமெரிக்கா, தென் அமெரிக்காக் காடுகளில் வுட்கிரீப்பர் எனப்படும் மரந்தொற்றிப் பறவைகள் ஏறத்தாழ 60 இனங்கள் உள்ளன. மரங்கொத்திக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவு இல்லை. எனினும் விறைத்த வாலை ஊன்றி மரத்தண்டில் ஏறும் முறை இரண்டிற்கும் ஒன்றே. ஒரே வகைத் தொழில் ஒரே வகை உறுப்பை உருவாக்குகிறது என்னும் உண்மைக்கு இது தக்க சான்று. வேறுபாடு ஒன்றுண்டு. மரந்தொற்றிப் பறவைகள் பட்டை இடுக்குகளைத் துழாவுமேயன்றி மரத்தில் தாமே பொந்து குடைவதில்லை. குடையும் தொழில் மரங்கொத்திக்கு உரியது. அதனாலேயே காட்டில் அதற்குத் தனிச் சிறப்பு உண்டாகிறது.

பிறர்க்கு வீடு கட்டும் தச்சன்

பொன்முதுகு மரங்கொத்தி தண்டிலோ கிளையிலோ வட்டமான வாயிலைக் குடைந்து, உள்ளே கீழ்நோக்கிப் பை போன்ற அறையை அமைக்கிறது. அதில் இரண்டு அல்லது மூன்று வெண்ணிற முட்டைகளை இடுகிறது. ஏறத்தாழ 11 நாள்களில் குஞ்சு பொரிகிறது. மேலும் ஏறத்தாழ 20 நாள்களில் குஞ்சுகள் வெளியேறுகின்றன. அதன்பின் அப்பொந்து வெறுமையாகக் கிடப்பதில்லை. பச்சைக்கிளி, மைனா, புள்ளி ஆந்தை, குண்டுக் கரிச்சான், சாம்பல் பட்டாணிக்குருவி முதலான பறவைகள் பொந்தில் கூடு வைப்பன. ஆனால் உறுதியான மரத்தில் தாமே பொந்து குடையும் ஆற்றல் இல்லாதன. மரம் தானே உளுத்து உண்டாகும் பொந்துகளையும், மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து விட்டுச் செல்லும் பொந்துகளையுமே இவை நம்பியுள்ளன. வௌவாலும் அணிலும் பொந்துத் தேனீயும் இவ்விடங்களில் குடியேறுதல் உண்டு.

ஆந்தை எலியைப் பிடிக்கிறது. பட்டாணிக்குருவியும் கரிச்சானும் பூச்சிகளை உண்கின்றன. தேனீ மகரந்தத்தைச் சேர்க்கிறது. இவற்றால் பயன் பெறுவோன் உழவன். ஒரு மரங்கொத்தி குடைந்த பொந்து பல உயிர்களின் வாயிலாக வயலுக்குப் பயன் தருகிறது. தென்னையை மரங்கொத்தி துளைத்துக் கெடுக்கிறது என்னும் குறையும் சிலரால் சொல்லப்படுகிறது. சிற்சில வேளைகளில் அது காய்களைத் துளைப்பதும் உண்மையே. ஆயினும் தண்டில் அது கொத்துமிடம் பெரும்பாலும் வண்டுப் புழுவோ எறும்போ முன்னரே குடியேறிய இடமாகும். நோய் உள்ள இடத்தை மருத்துவர் அறுப்பதைப் போன்றதே அது.

பொந்து குடைய எல்லா மரமும் ஏற்றதன்று என்பதை ஈண்டு மனங்கொள்ள வேண்டும். இளமரத்தின் தண்டில் ஓர் அறை அமையுமளவு பருமன் இல்லை. வயிரம் பாய்ந்த உயிர் மரத்தைக் குடைவது கடும் உழைப்பு. உள்ளே பூஞ்சை பற்றி மென்மையடைந்த முதுமரம், பட்ட கிளை, மட்டையிழந்து நிற்கும் மொட்டைப் பனை, காய்ந்த தென்னை ஆகியவையே பொந்து குடைய எளியன. அவற்றின் பட்டைக்குள்ளேதான் புழுக்களும் மிகுதி. ஆகவே மரங்கொத்தியின் வாழ்வு மரத்தின் எண்ணிக்கையை மட்டும் சார்ந்ததன்று. மரத்தின் முதுமையையும் சார்ந்தது.

பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

உயிரினங்களின் நிலையை உலக அளவில் மதிப்பிட்டுப் பட்டியலிடுவது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம். 1948 இல் தோன்றிய அவ்வமைப்பு 1964 முதல் செம்பட்டியலைப் பேணி வருகிறது. அப்பட்டியலில் பொன்முதுகு மரங்கொத்தி ‘குறைந்த கவலைக்குரியது’ என்னும் பிரிவில் உள்ளது. தீபகற்ப இந்தியாவின் உலர்காடுகளில் வாழும் வெண்பிடரி மரங்கொத்தியும் அப்பிரிவினதே. இந்தியாவிலும் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரங்கொத்தியை வேட்டையாடுதல் குற்றமாகும்.

அவ்வாறாயின் கவலை எதற்கு எனக் கேட்கலாம். கேட்கத்தக்க வினாவே அது. பட்டியல் ஓர் இனத்தை உலகம் முழுமைக்கும் சேர்த்து அளக்கிறது. பரந்து வாழும் இனம் ஓர் ஊரில், ஒரு வட்டத்தில் அற்றுப்போனாலும் உலகக் கணக்கில் அது தெரிவதில்லை. குறைந்த கவலை என்பது அழிவு அண்மையில் இல்லை என்பதற்கு அடையாளம். நம் தோப்பில் அது என்றும் இருக்கும் என்பதற்கு உறுதிச் சீட்டு அன்று. மேலும் சட்டம் பறவையைக் கொல்வதைத் தடுக்கிறது. அது வாழும் பட்ட மரம் ஒருவர் தோட்டத்தில் நின்றால், அதனை விறகுக்கு வெட்டுவதை அச்சட்டம் பெரும்பாலும் தடுப்பதில்லை. வில்லும் கவணும் செய்யாத கேட்டைக் கோடரி செய்துவிடக் கூடும்.

2023 இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 178 இனங்கள் பாதுகாப்பில் முதன்மை பெற வேண்டியவை எனக் கண்டது. அவ்வறிக்கைக்கு அடிப்படை, நாடெங்கும் 30,000 பறவை நோக்குவோர் பதிவு செய்த குறிப்புகள். அதாவது ஊர்தோறும் பொதுமக்கள் கண்டு எழுதியதே நாட்டின் அறிவாயிற்று. எழுதுவார் இல்லாத ஊரின் நிலையை எந்தப் பட்டியலும் சொல்லாது.

பிற நாடுகள் தரும் பாடம்

பிரேசில் நாட்டின் வடகிழக்கே நம் பகுதியைப் போன்றே மழை குறைந்த, இலையுதிரும் காடுகள் உள்ளன. அங்கு வாழும் மீசை மரந்தொற்றி என்னும் பறவை, காடு வெட்டப்பட்டதனால் செம்பட்டியலில் ‘அழியும் வாய்ப்புள்ளது’ என்னும் பிரிவில் இடம் பெற்றுள்ளது. மழைக்காட்டுக்கு உலகம் இரங்குகிறது. உலர்காட்டையோ புதர் என்றும் தரிசு என்றும் எண்ணிக் கைவிடுகிறது. இவ்விரு வேறு மதிப்பீடுகளின் விளைவை அப்பறவையிடம் காண்கிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தந்த அலகு மரங்கொத்தி என்னும் பெரும்பறவை இருந்தது. அண்மையில் பட்ட பெருமரங்களின் பட்டைக்குள் வாழும் வண்டுப் புழுக்களே அதன் தலையாய உணவு. லூசியானா மாநிலத்தில், தையல் இயந்திரத்தால் உலகறிந்த சிங்கர் நிறுவனத்துக்கு உரிய பழங்காட்டில் அதன் கடைசிக் கூட்டம் எஞ்சியிருந்தது. மரம் வெட்டும் உரிமை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறிக் காடு வீழ்த்தப்பட்டது. அனைவரும் ஐயமின்றி ஏற்கும் இறுதிக் காட்சி 1944 ஆம் ஆண்டினது. அதன்பின் அப்பறவையைக் கண்டதாக வந்த செய்திகள் யாவும் இன்றளவும் வாதத்துக்குரியனவாகவே உள்ளன.

அதே நாட்டில் இதற்கு எதிரான காட்சி ஒன்றும் உண்டு. முதிர்ந்த தேவதாரு வகை மரங்களில் பொந்து குடையும் செம்புள்ளிக் கன்னத்து மரங்கொத்தி 1970 இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 1989 இல் வீசிய ஹியூகோ சூறாவளி அதன் பொந்து மரங்களை வீழ்த்தியபோது, எஞ்சிய மரங்களில் மனிதரே பொந்து அமைத்துக் கொடுத்தனர். முதுமரங்களைக் காத்தனர். 2024 இல் அதன் இடர்நிலை ஒரு படி குறைக்கப்பட்டது. ஒரே நாடு, ஒரே வகைப் பறவை. முதுமரத்தை இழந்த இடத்தில் பறவையும் போயிற்று. முதுமரத்தைக் காத்த இடத்தில் பறவையும் மீண்டது.

நம் ஊரின் நிலை

நம் மாநிலத்தில் மரம் நடுதற்கு ஊக்கம் குறைவின்றி உள்ளது. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் சூழ்ந்த பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவதைக் குறிக்கோளாகக் கொண்டது. போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் இன்று நட்ட கன்று மரங்கொத்திக்கு இடமாவதற்குப் பல்லாண்டுகள் செல்லும். அதுவரை அதனைத் தாங்குவது நம் முன்னோர் நட்டுச் சென்ற மரமே. சாலை விரிவாக்கத்தின்போது முதலில் வீழ்வது சாலையோரப் புளிய மரம். செங்கல் சூளைக்கும் விறகுக்கும் முதலில் செல்வது பட்ட மரம். ஒரு முதுமரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்று நட்டோம் என்பது கணக்கில் சரியாகலாம். பறவையின் கணக்கில் அது சரியாவதில்லை.

மரத்தின் மதிப்பை உணர்ந்து ஆவன செய்த முன்மாதிரிகளும் உண்டு. 2016 இல் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையை விரிவாக்க மரங்கள் வெட்டப்பட்டபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 2021 இல் தமிழக அரசு, பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என அறிவித்தது. நம் பகுதியில் மரங்கொத்திக்கும் கிளிக்கும் மைனாவுக்கும் வீடு தருவதில் பனைக்கு நிகரான மரம் அரிது. பனையைக் காப்பது பறவையைக் காப்பதுமாகும்.

நாம் செய்யத்தக்கவை

பட்ட மரம் பயனற்றது என்னும் எண்ணத்தை முதலில் கைவிடுதல் வேண்டும். வீட்டின் மீதோ பாதையின் மீதோ விழத்தக்க மரத்தை அகற்றுதல் கடமை. அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் வயல் நடுவிலும் ஏரிக் கரையிலும் தோப்பின் ஓரத்திலும் யார்க்கும் இடரின்றி நிற்கும் பட்ட மரத்தை விட்டுவைக்கலாம். அகற்றியே ஆக வேண்டிய நிலையிலும், கிளைகளை மட்டும் கழித்து, ஆள் உயரத்துக்கு மேற்பட்ட அடித்தண்டை நிற்க விடலாம். பொந்துள்ள மரத்தை வெட்ட நேருங்கால், குஞ்சு பொரிக்கும் கோடைக் காலம் கழிந்த பின்னர் வெட்டலாம். இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை.

ஊர்ப் பெரியோர்கட்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் வளாகங்களிலும், கபரஸ்தான்களிலும், தர்காக்களைச் சுற்றியும், அவ்வாறே கோயில் தோப்புகளிலும் தலைமுறை கண்ட வேம்பும் புளியும் புங்கனும் நிற்கின்றன. தனியார் தோட்டங்களில் முதுமரம் அருகிவரும் இக்காலத்தில் இவ்விடங்களே பொந்து வாழ் உயிர்களுக்குப் புகலிடம். சுற்றுச்சுவர் எழுப்பும்போதும், கட்டடம் விரிவாக்கும்போதும், மரத்தை விலக்கி வரைபடம் அமைக்க முடியுமா என ஒரு முறை கேட்டுப் பார்க்குமாறு நிருவாகத்தாரை வேண்டுகிறோம்.

மாணவர்கட்குரிய பணி நோக்குதலும் எழுதுதலும் ஆகும். 2015 முதல் ஆண்டுதோறும் சனவரியில் தமிழகத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. கால்மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளைக் குறித்துப் பதிவு செய்தால் போதும். இந்தியப் பறவையியலின் தந்தையாகப் போற்றப்படும் சாலிம் அலி (1896 – 1987) அவர்களின் வாழ்வும் இத்தகைய சிறு வினவலில் தொடங்கியதே. சிறுவனாகத் தாம் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அது யாதென அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்த மஞ்சள் தொண்டைச் சிட்டும் மரப்பொந்தில் கூடு வைக்கும் இனமே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் 1941 இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றும் பறவை நோக்குவோர்க்கு வழிகாட்டுகிறது. அன்று துப்பாக்கி தேவைப்பட்டது. இன்று ஒரு கைபேசியும் சிறிது பொறுமையும் போதும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் தனிப் பங்கும் உண்டு. ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களைப் பாட்டன் பாட்டியரிடமும் மரமேறும் தொழிலாளரிடமும் ஆடு மேய்ப்போரிடமும் கேட்டுத் தொகுக்கலாம். பறவை காணப்படாத ஊரில் அதன் பெயரும் இரண்டு தலைமுறைக்குள் மறைந்துவிடும். பெயர் இன்னும் முதியோர் நாவில் உள்ள இக்காலமே அதற்கு ஏற்ற காலம்.

காரணம் இருக்கும் வரையே காரணப் பெயர் பொருளுடையது. மரங்கொத்திக்குக் காரணம் மரம். அதிலும் முதிர்ந்த மரம், பட்டும் நிற்கும் மரம். அப்பறவை இன்று அழிவுப் பட்டியலில் இல்லை என்பது நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசமேயன்றி வேறன்று. செலவின்றிச் செய்யக்கூடியவற்றைச் செய்ய இதுவே காலம். அடுத்த முறை ஒரு பட்ட மரத்தில் கோடரி வைக்கப்படும்போது, அதில் வட்டமான துளை உள்ளதா என நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டாகுமாயின், இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகக் கொள்வோம்.